முட்டை வேண்டாம் என்றீர்கள், எண்ணெயைப் பற்றி யார் சொல்வது?

திருகோணமலை மாவட்டத்தில் இருதய, கொலஸ்ட்ரோல் கிளினிக்குகளை நடத்தும் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். கிளினிக் நாளில் எவ்வளவு சனம் வருகிறது, ஒரு வைத்தியருக்கு எத்தனை பேர் என்பதை நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை. அந்தக் கஷ்டம் எங்களுக்கும் தெரியும். அதனால்தான் இவ்வளவு நாளும் பொறுத்திருந்தோம். போன கிளினிக்கில் நடந்ததற்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் அம்மா மாரடைப்பு வந்து சுகமானவர். கெட்ட கொலஸ்ட்ரோல் கூடிவிட்டது என்று சொல்லி, கிளினிக்கில் அவருக்குக் கிடைத்த அறிவுரை ஒரே வரி: முட்டை தொடக்கூடாது. அவரும் தொடவில்லை. நாங்கள் குச்சவெளிப் பக்கம். மாரியில் கடல் கொந்தளித்தால் வள்ளம் இறங்காது, சாளையும் சூடையும்கூட எட்டாத விலைக்குப் போய்விடும். அந்த மாதங்களில் வீட்டுக் கோழி இடுகிற முட்டைதான் அம்மாவுக்குப் புரதம். அதைப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, கட்டியான தேங்காய்ப்பால் சொதியோடும் தேங்காய் எண்ணெயில் பொரித்த கத்தரிக்காயோடும் சோறு சாப்பிட்டார். பின்னேரம் தேத்தண்ணியோடு கடை ரோல்ஸ். கேட்டால், "டொக்டர் முட்டை வேண்டாமெண்டுதானே சொன்னவர், ரோல்ஸைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையே" என்பார். அவர் சொன்னது உண்மை. யாரும் சொல்லவில்லை.

அடுத்த இரத்தப் பரிசோதனையில் அளவு குறையவில்லை. உடம்புதான் மெலிந்தது; நிலத்தில் இருந்தால் சுவரைப் பிடிக்காமல் எழும்ப முடியவில்லை. "சாப்பாட்டைக் கட்டுப்படுத்தாமல் மருந்து மட்டும் குடித்து என்ன பிரயோசனம்?" என்று வரிசையில் நின்றவர்களுக்கு முன்னால் அவரை ஏசினார்கள். சொன்னதை ஒரு நாளும் மீறாத மனிசி அவர். பஸ்ஸில் வீடு வரும்வரை அம்மா ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

உங்களுக்குத் தெரியாததை நான் எழுதப் போவதில்லை. ஒரு பெரிய முட்டையில் ஏறக்குறைய 186 மில்லிகிராம் கொலஸ்ட்ரோல் இருக்கிறது, அவ்வளவும் மஞ்சள் கருவில். வாரத்துக்கு மூன்று மஞ்சள் கருவுக்கு மேல் வேண்டாம் என்று 1968இல் அமெரிக்க இதயச் சங்கம் சொன்னது. அதே சங்கம் 2019இல், ஆரோக்கியமானவர்கள் நாளுக்கு ஒரு முழு முட்டை சாப்பிடலாம் என்றது. கொலஸ்ட்ரோல் கூடியவர்கள், அதிலும் சலரோகம் உள்ளவர்கள், கவனமாக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. ஆகவே அம்மாவுக்கு மஞ்சள் கருவைக் குறைக்கச் சொன்னால் நான் மறுத்துப் பேச மாட்டேன். ஆனால் வெள்ளைக் கருவில் கொலஸ்ட்ரோலே இல்லை, முட்டையின் புரதத்தில் பாதிக்கு மேல் அதில்தான் இருக்கிறது. அதைச் சாப்பிடலாம் என்று ஒருவராவது சொல்லியிருக்கலாமே?

இரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ரோலில் பெரும்பகுதியை நம் ஈரலே செய்கிறது. தேங்காய் எண்ணெயிலும் பாம் ஒயிலிலும் நிறைய இருக்கிற நிறைவுற்ற கொழுப்பு (saturated fat) சாப்பாட்டில் கூடக் கூட, கெட்ட கொலஸ்ட்ரோலை இரத்தத்திலிருந்து எடுக்கும் வேலையில் ஈரல் பின்தங்கிவிடுகிறது. ஒரு முட்டையில் அந்தக் கொழுப்பு 1.6 கிராம் அளவில்தான். ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் 11, 12 கிராம் வரும், ஏழு முட்டையின் அளவு. எங்கள் சட்டியில் ஒரு நேரத்துக்கு எத்தனை கரண்டி ஊற்றுகிறோம் என்று எந்தக் கிளினிக்கிலும் கேட்டதில்லை. கடைகளில் திரும்பத் திரும்பக் காய்ச்சுகிற பாம் ஒயிலைப் பற்றியும் பேச்சில்லை.

நாங்கள் கேட்பது ஒரு தாள். தமிழில் ஒரு பக்கம். அதில் சொதியும் சம்பலும் ரோல்ஸும் கொத்து ரொட்டியும் கருவாடும் இருக்க வேண்டும், ஏனென்றால் நாங்கள் சாப்பிடுவது அதுதான். மாரடைப்பு வந்தவருக்கு எத்தனை மஞ்சள் கரு, சலரோகக்காரருக்கு எத்தனை, ஒரு நாளைக்கு எண்ணெய் எவ்வளவு, முட்டையை நிறுத்தினால் பதிலுக்குப் பருப்பா, கடலையா, மீனா என்று எழுதித் தாருங்கள்.

எத்தனையோ விஷயம் இருக்கிறது. விடியமுன் பஸ் ஏறி வந்து நிற்கிறவரிடம், பரிசோதனையை வெளியில் செய்து வா என்கிறார்கள். மருந்தில் பாதியையும் வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு தருகிறார்கள். கூலி வேலை செய்கிறவன் அந்தக் காசுக்கு எங்கே போவான்? பிறகு அவன் மருந்தை நிறுத்தினால் அவனுக்கும் ஏச்சு. கிளினிக் புத்தகத்தில் எழுதியிருப்பது ஆங்கிலத்தில், சொல்வது பல நேரம் சிங்களத்தில், இரண்டும் புரியாதவர் தலையாட்டிவிட்டு வருகிறார். இதெல்லாம் ஒரு நாளில் தீராது என்று எனக்குத் தெரியும். அதற்குப் பணம் வேண்டும், ஆள் வேண்டும். ஒரு பக்கத் தாளுக்கு அவ்வளவு வேண்டியதில்லை.

கோபத்தில் ஏதும் கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மாவைக் காப்பாற்றியதும் உங்கள் வைத்தியர்கள்தான், அதை மறக்கவில்லை. தயவுசெய்து அந்தத் தாளைத் தமிழில் தாருங்கள். ஆளைப் பார்த்து, அவருடைய நோயைப் பார்த்து, எது எவ்வளவு என்று அதில் பேனையால் குறித்துக் கொடுங்கள். போட்டோக்கொப்பிக்குக் காசில்லை என்றால் சொல்லுங்கள், ஊரில் சேர்த்துத் தருகிறோம்.

இப்படிக்கு,
கிளினிக்குக்கு அம்மாவைக் கூட்டிவரும் ஒரு மகன்