பார்த்துக்கொள்கிறவரையும் யாராவது பார்க்க வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழில் முதியோர் நலம் பற்றி வரும் கட்டுரைகளை விடாமல் படிக்கிறேன். மறதி நோய் வந்தவரை எப்படிக் கவனிப்பது என்று எழுதுகிறீர்கள். கூடவே இருந்து கவனிக்கிறவர் பாடு என்ன என்பதையும் எழுத வேண்டும்.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா என்கிற இந்த மறதி நோய் இருக்கும் என்று, முதியோரிடம் நாடு முழுக்க நடத்தி 2023-ல் வெளியான லாசி-டாட் ஆய்வு மதிப்பிட்டது. நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல். பெரும்பாலும் வீட்டில் வைத்து மகளோ மருமகளோதான் பார்த்துக்கொள்கிறார்கள். எங்கள் காங்கயம், தாராபுரம் பக்கம் ஊருக்குள் வீடு இருந்தால் அக்கம்பக்கத்தில் ஒரு கண் வைத்திருப்பார்கள். தோட்டத்து வீட்டில் கூப்பிடு தூரத்தில் ஆளே இருக்காது. வீட்டு ஆண்கள் விடிந்ததும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விடுவார்கள். வாசலைத் தாண்டினால் கிணறு.

என் மாமியாருக்கு இந்த நோய். பொழுது சாயும் நேரம்தான் பெரும்பாடு. மாடுகளை விற்றுப் பல வருடம் ஆகிவிட்டது. ஆனாலும், "கன்னுக்குட்டி கத்துது அம்மிணி, பால் பீச்சோணும்" என்று போசியை எடுத்துக்கொண்டு கட்டுத்தரைக்குக் கிளம்பிவிடுவார். மாடே இல்லை என்று எடுத்துச் சொன்னால் அழுவார், கோபப்படுவார். "நான் பீச்சிட்டனுங்க அத்தை, வாங்க காப்பி குடிக்கலாம்" என்றால் பேசாமல் வந்துவிடுவார். கிணற்றுக்கு மேல் கம்பி வலை போட்ட பிறகுதான் எனக்கு ராத்திரியில் கண் அசந்தது.

பார்க்க வருகிற சொந்தக்காரர்களிடம் அரை மணி நேரம் தெளிவாகப் பேசிவிடுவார். அவர்களும் "நல்லாத்தானே இருக்காங்க, நீதான் பெருசு பண்றே" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். மனசு விட்டுப்போகும். அவர்கள் பழம், பிஸ்கட் எதுவும் வாங்கி வர வேண்டாம். "வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு வர்றேன், நீ வெளியே போய்ட்டு வா" என்று ஒருவர் சொன்னால் போதும், அந்த வாரம் ஓடிவிடும்.

இன்னொன்று. மறதி என்றதும் "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடக் கூடாது. பி12 சத்துக் குறைவும் தைராய்டு கோளாறும்கூட மறதியைத் தரும். அதற்கு மருந்து உண்டு. திடீரென்று குழப்பம் கூடினால் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீடு தேடி வந்து பிரஷர், சுகர் பார்க்கிறார்கள். நல்ல திட்டம். வரும் பணியாளர் கவனிப்பவரிடமும் "ராத்திரி தூங்கறீங்களா, மாத்து ஆள் இருக்கா?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போனால், யாருக்கு உதவி தேவை என்று சுகாதார நிலையத்துக்குத் தெரியும். 2025-26 பட்ஜெட்டில் அரசு அறிவித்த அன்புச்சோலை முதியோர் பகல்நேர மையங்கள் கோவை, திருப்பூர், ஈரோடு போன்ற மாநகராட்சிகளுக்கானவை. அங்கே மறதி நோய் உள்ளவர்களுக்கும் இடம் வேண்டும், பழக்கப்பட்ட ஆள் வேண்டும். வட்டத் தலைநகரங்களுக்கும் அந்த மையம் வர வேண்டும். தோட்டத்திலிருந்து கூட்டிப்போய்க் கொண்டுவந்து விட ஒரு வேனும் வேண்டும்.

நீங்கள் ஒரு உதவி செய்யலாம். கொங்கு மாவட்டங்களில் எந்த அரசு மருத்துவமனையில் எந்தக் கிழமை இதற்கான டாக்டரைப் பார்க்கலாம் என்று விசாரித்து, 14567 என்ற முதியோர் உதவி எண்ணோடு சேர்த்து ஒரு பட்டியலாக உங்கள் கோவை, ஈரோடு பதிப்புகளில் வெளியிடுங்கள். வெட்டி எடுத்துச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காங்கயம் வட்டம்.