ஓடைக்கரை மனையும் உன் வீட்டுப் பிளானும்

அன்புள்ள மாப்பிள்ளை,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு மூட்டுவலிதான் விடவில்லை. நீ காரைக்குடிக்கே வந்துவிடப் போகிறாய் என்றதும் "எப்ப வாரான்?" என்று ரெண்டு தடவை கேட்டுவிட்டார்கள்.

நீ அனுப்பிய பிளானைப் பார்த்தேன். ஹால், பூஜை அறை, நடுவில் சின்னதாக முற்றம், எல்லாம் அழகு. ஆனால் போர்வெல் எங்கே, செப்டிக் டேங்க் எங்கே என்று தேடினேன், காணோம். அதை முதலில் குறி. உன் மனை ஓடைக்கரை மணற்சாரி, அங்கே மற்றதெல்லாம் அப்புறம்தான்.

நான் வீடு கட்டியபோது இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கக்கூஸ் குழிக்குச் சிமெண்ட் உறை இறக்கிய ஆள், "மணல் பூமி சார், தண்ணி தானா இறங்கிடும், கழிவெடுக்க லாரியே கூப்பிட வேண்டாம்" என்றார், எனக்கும் சந்தோஷம். இறங்கத்தான் செய்தது. இறங்கி எங்கே போகும் என்று நான் நினைக்கவில்லை. குழிக்கும் கிணற்றுக்கும் பதினைந்தடி கூட இல்லை. மூன்றாம் வருஷம் கார்த்திகை மழையில் கிணற்றுத் தண்ணீர் மேலே ஏறியபோது சின்னவளுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது, வாடையும் இல்லை. டெஸ்ட்டுக்குக் கொடுத்தால் மலக்கிருமி, கூடவே நைட்ரேட்டும் லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டியிருந்தது. கிருமியைக் காய்ச்சிக் கொல்லலாம், நைட்ரேட் காய்ச்சினால் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அளவு கூடத்தான் செய்யும். அந்த ராத்திரிகள் இன்னும் எனக்கு ஆறவில்லை மாப்பிள்ளை, அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

களிமண் கலந்த பூமியில் கழிவுத்தண்ணீர் மெல்ல நகரும், கிருமி வழியிலேயே சிக்கிச் செத்துவிடும். பெருமணலில் அதற்கு அவகாசமே இல்லை. அதனால் வெறும் உறை இறக்காதே. அடியும் சுவரும் பூசி, இரண்டு அறை வைத்து டேங்க் கட்டு. அதிலிருந்து வெளியேறும் தண்ணீருக்குத் தனிக் குழி, போரிலிருந்து அறுபது அடியாவது தள்ளி, பள்ளமான பக்கம் இருக்கட்டும். பக்கத்து வீட்டுக் கிணற்றையும் கணக்கில் எடு. அங்கே மணல் பருமனாக இருந்தால் குழியின் அடியைக் கான்கிரீட்டோ களிமண்ணோ போட்டு அடைத்து, சுற்றிலும் ஒன்றரை அடி கனத்துக்கு நைஸ் மணல் கொட்டச் சொல், அதில் வடிந்துதான் தண்ணீர் வெளியே போகும். மழைக்காலத்தில் தண்ணீர் எந்த மட்டத்துக்கு ஏறுகிறதோ, அதற்கு ஆறடியாவது மேலே குழியின் அடி நிற்க வேண்டும்.

வீட்டுக்கு மணல் அவ்வளவு மோசமில்லை. கரிசல் மாதிரி மழையில் உப்பி வெயிலில் வெடிக்காது, இறுகின மணல் பாரம் நன்றாகவே தாங்கும். தொல்லை அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போதுதான். எங்களுக்கு ஐந்தடி தோண்டி வைத்துவிட்டு மறுநாள் காலையில் போனால் பாதி சரிந்து கிடந்தது. மீதிக் கரையில் ஒரு விரிசல், பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொலபொலவென்று அதுவும் உள்ளே இறங்கியது. ஆள் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பலகை அடைத்து முட்டுக் கொடுக்காமல் யாரையும் உள்ளே இறக்காதே, "ஒண்ணும் ஆகாது" என்பார்கள், கேட்காதே. பேஸ்மென்ட்டை ஒரேயடியாக நிரப்பாமல் அரையடி அரையடியாகக் கொட்டி, தண்ணீர் விட்டு, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கச் சொல். பில்லர்களைச் சேர்த்து ஒரு கான்கிரீட் பெல்ட்டும் வேண்டும். அப்புறம் அந்த முற்றத்துத் தண்ணீர். அது அஸ்திவாரத்தை ஒட்டி இறங்கினால் மணலை அரித்துக்கொண்டு போய்விடும், தரை மூலையில் உட்காரும். நம்ம ஊர்ப் பழைய வீடுகளில் தளத்தை உயர்த்தி, ஓட்டுத் தண்ணீரை முற்றத்தில் வாங்கி, வழிவைத்து வெளியே கொண்டுபோனார்களே, அப்படிச் செய்.

தங்கச்சி தோட்டம் போட ஆசைப்படுவதாக எழுதியிருந்தாய். தாராளமாகப் போடலாம், ஆனால் இந்த மண்ணில் ஊற்றுகிற தண்ணீரும் தங்காது, போடுகிற உரமும் தங்காது. யூரியாவை மொத்தமாகப் போட்டால் செடிக்குப் பாதி, கிணற்றுக்குப் பாதி, மறுபடி அதே நைட்ரேட். கோடையில் கண்மாய் வற்றினதும் தாலுகா ஆபீசில் மனுப் போட்டு வண்டல் அடி. ஈர வண்டலைப் பிடித்தால் கையில் உருண்டையாக நிற்கும், நம்ம மணல் விரலிடுக்கில் வழிந்துவிடும், அந்த வித்தியாசம்தான் தோட்டம். எருவுக்காக ரெண்டு ராத்திரி அங்கே ஆட்டுக்கிடை போட முடிந்தால் விடாதே. முதல் மழைக்குப் பசுந்தாள் உரமாகக் கொளுஞ்சி விதைத்து, பூக்கும்போது மடக்கி உழு. செடிக்கு அடியில் எப்போதும் சருகு மூடாக்கு இருக்கட்டும். கடலையும் சர்க்கரைவள்ளியும் முதல் வருஷமே நன்றாக வரும், ரோஜாவுக்குத் தங்கச்சி கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

கொத்தனாருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால் ஒரு நாள் வா. மனையில் நாலு இடத்தில் ஓரடிக் குழி வெட்டி, தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, மறுபடி ஊற்றி எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார்ப்போம். கடப்பாரையும் குடமும் நான் கொண்டுவருகிறேன். கந்தரப்பம் சுட்டு வைப்பதாக அம்மா சொல்கிறார்கள், தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்