பொலிக்குதிரையை நின்று பார்க்க விடுங்கள்

பொலிக்குதிரை அணிவகுப்பு நடத்தும் பண்ணை நிர்வாகிகளுக்கும் இனச் சங்கப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

பெட்டைகளோடு சேர்க்கும் ஆண் குதிரைகளைக் காட்டும் உங்கள் அணிவகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வருகிறார்கள். மீதிப் பேர் என்னைப் போலப் பெட்டைக் குதிரை வளர்ப்பவர்கள். எந்தக் குதிரையோடு சேர்ப்பது என்று முடிவு செய்யத்தான் நாங்கள் வருகிறோம். கட்டணம் கட்டி, பதினொரு மாதம் சினையைக் காத்து, பிறந்த குட்டி வளர்ந்து சேணம் ஏறும் வயதில்தான் நாங்கள் எடுத்த முடிவு சரியா தப்பா என்று தெரியும். அப்படிப்பட்ட முடிவுக்கு நீங்கள் தருவது இசையோடு ஓடும் சில நிமிடங்கள் மட்டுமே.

வேடிக்கை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஜெர்மனியில் 1735இல் தொடங்கிய செல்லே அரசுப் பண்ணை போன்ற இடங்களில் அணிவகுப்பே ஒரு திருவிழா. கூட்டம் வரட்டும், நுழைவுச்சீட்டுக் காசு பண்ணைக்கு உதவட்டும். அதற்கு முன்னால் எங்களுக்கும் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள் என்றுதான் கேட்கிறேன்.

முதலில் குதிரை நிற்க வேண்டும். சேணம் இல்லாமல், காலில் கட்டுத்துணி இல்லாமல், கெட்டித் தரையில். வெள்ளைக் கட்டுத்துணி பார்க்க அழகுதான், ஆனால் மூட்டில் வீக்கம் இருந்தால் அதுவும் உள்ளே மறைந்துவிடும். பிறகு குதிரை எங்களை நோக்கி நேராக நடந்து வரட்டும், அப்படியே திரும்பி நேராகப் போகட்டும். கால் உள்வாங்குகிறதா, குளம்பு வெளியே வீசுகிறதா என்பதெல்லாம் முன்னும் பின்னும் நின்று பார்த்தால்தான் பிடிபடும். ஆழமான மணலில் பக்கவாட்டில் ஓட்டிக் காட்டினால் பாதிக் குறை தெரியாது.

அப்புறம், நடை. அணிவகுப்புகளில் நீங்கள் அதிகம் காட்டுவது டிராட் என்ற துள்ளோட்டம். கைதட்டல் கிடைப்பதும் அதற்குத்தான். ஆனால் நல்ல பயிற்சியாளர் கையில் டிராட் எவ்வளவோ மெருகேறும். சாதாரண நடையை அப்படிச் சீர்செய்வது கடினம். குதிரை பிறப்பிலேயே கொண்டு வருவது அது. பின்குளம்பு முன்குளம்பின் தடத்தைத் தாண்டி விழுகிறதா, நான்கு தாளமும் ஒரே சீராகக் கேட்கிறதா என்று பார்க்க, கடிவாளத்தைத் தளர்த்தி ஒரு சுற்று நிதானமாக நடக்கவிட்டால் போதும். பதற்றத்தில் இருக்கும் குதிரைக்கு ஒரு பக்கத்துக் கால்கள் இரண்டும் சேர்ந்தே நகரத் தொடங்கிவிடும். அதை மறைக்கத்தான் நடையைத் தவிர்க்கிறீர்களோ என்று எனக்குச் சில சமயம் சந்தேகம் வருகிறது.

டிராட்டிலும் முன்னங்கால் எவ்வளவு உயரம் போகிறது என்பதோடு நிறுத்திக்கொள்ள முடியாது. மூலைக்கு மூலை எதிரெதிராக இருக்கும் கால்கள் சேர்ந்து நகரும் ஓட்டம் அது. முன்னங்கால் வீசி எறிய, அதன் ஜோடியான பின்னங்கால் தரையை உரசிக்கொண்டு பின்தங்கினால், அது முதுகை இறுக்கி ஓட்டியதால் வந்த பகட்டு. அரங்கில் எல்லோரும் ‘ஆகா’ என்று சொல்வது பெரும்பாலும் அந்த முன்னங்காலுக்குத்தான்.

மரபணுச் சோதனை முடிவை ஏன் அறிவிப்புத் தாளில் அச்சிடுவதில்லை? வார்ம்பிளட் எனப்படும் சவாரி விளையாட்டுக் குதிரை இனங்களில் டபிள்யூஎஃப்எஃப்எஸ் என்ற பரம்பரைக் கோளாறு இருக்கிறது. கோளாறு மரபணுவை ஒரு பிரதியாகச் சுமக்கும் ஆணும் பெண்ணும் சேர்ந்தால், குட்டி பாதிக்கப்பட நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. அந்தக் குட்டிக்குத் தோல் கிழியும், மூட்டுகள் நிலைகொள்ளாது, பிழைக்காது. அந்த மரபணு இருக்கிறது என்பதற்காகப் பொலிக்குதிரையை ஒதுக்கச் சொல்லவில்லை. அது இல்லாத பெட்டையோடு சேர்த்தால் அந்த ஆபத்து இல்லை. இருக்கிறதா இல்லையா என்று எங்களுக்குத் தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

குவார்ட்டர் குதிரை என்ற அமெரிக்க இனத்தை வளர்த்தவர்களுக்கு, இப்படித் தெரியாமல் போவதன் விலை தெரியும். 1969இல் பிறந்த ‘இம்ப்ரெசிவ்’ என்ற பொலிக்குதிரையின் தசைக்கட்டைப் பார்த்து எல்லோரும் மயங்கினார்கள். எச்ஒய்பிபி என்ற பரம்பரைத் தசை நோய் அதன் வம்சத்தில் பரவிய பிறகுதான் விவரம் புரிந்தது. இந்த நோய்க்கு ஒரே ஒரு பிரதி மரபணு போதும். கடைசியில், 2007 முதல் பிறக்கும் குட்டிகளில் இரண்டு பிரதி கொண்டவற்றைப் பதிவு செய்ய மாட்டோம் என்று அமெரிக்கக் குவார்ட்டர் குதிரைச் சங்கமே விதி போட வேண்டியிருந்தது.

வாரிசுகளைக் காட்டும்போதும் ஒரு வேண்டுகோள். பொறுக்கி எடுத்த மூன்று அழகுக் குட்டிகள் வேண்டாம். ஒரே ஆண்டில் பிறந்தவற்றில் கொண்டுவர முடிந்த அத்தனையையும், முடிந்தால் தாயோடு சேர்த்துக் கொண்டுவாருங்கள். வேறு வேறு தாய்களின் குட்டிகளில் ஒரே குறை திரும்பத் திரும்பத் தெரிந்தால் அது யாரிடமிருந்து வந்தது என்று நாங்களே கண்டுகொள்வோம். நல்ல அம்சம் திரும்பத் திரும்பத் தெரிந்தால் உங்களுக்குத்தான் லாபம். இரண்டரை வயதில் தேர்வாகி வரும் இளங்குதிரைகளுக்கு வாரிசு இருக்காது, சரி. அவற்றின் தாயையும் உடன்பிறப்புகளையும் பற்றிச் சொல்லலாமே.

குணத்தை நாங்களே பார்த்துக்கொள்வோம். அரங்குக்கு வெளியே, மற்ற ஆண் குதிரைகளுக்கு நடுவே காத்திருக்கும் இடத்தை மட்டும் திரை போட்டு மூடாதீர்கள்.

இதற்கெல்லாம் காலையில் ஒரு மணி நேரம் போதும். மாலையில் இசையும் விளக்கும் வழக்கம்போல் நடக்கட்டும். அடுத்த நிகழ்ச்சி நிரல் அச்சுக்குப் போகும் முன் இதைப் பரிசீலித்து, முடியுமா முடியாதா என்று வெளிப்படையாகவே பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பெட்டைக் குதிரை வளர்க்கும் ஒருவர்