உன் நிலக்கீழ் அறைக்கும் என் முன் ஹோலுக்கும்

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.

அன்பின் நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. ரொறன்ரோ வீட்டின் நிலக்கீழ் அறைக்குப் புதிய தொலைக்காட்சி வாங்கும்படி மகன் அவசரப்படுத்துவதாகவும், ஓ.எல்.ஈ.டி., கியூ.எல்.ஈ.டி., மினி எல்.ஈ.டி. என்று கடைக்காரர் அடுக்கும் பெயர்களில் எது எதைக் குறிக்கிறதென்று விளங்கவில்லை என்றும் எழுதியிருந்தாய். கூடவே, அதே வகையில் எங்கள் வீட்டுக்கும் ஒன்று வாங்கப் பணம் அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தாய். உனக்குப் பொருந்துவது எனக்குப் பொருந்தாது என்பதுதான் இக்கடிதம் நீளப்போவதற்குக் காரணம்.

நீ எழுதிய அதே கிழமையில் எங்கள் பெட்டி இருண்டுபோனது. செய்தி வாசிப்பவரின் குரல் தெளிவாகக் கேட்டது. திரையோ கரும்பலகையாக இருந்தது. பெட்டியின் காலம் முடிந்துவிட்டதென்று மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டார். நான் யன்னல்களைச் சாத்திவிட்டு, ரோச்சை எடுத்துத் திரையின் மேல் சாய்வாகப் பிடித்துப் பார்த்தேன். அந்த வட்ட வெளிச்சத்துக்குள் செய்தி வாசிப்பவரின் முகம் மங்கலாக அசைந்தது. படம் அங்கேதான் இருந்தது. அதைக் காட்டும் விளக்குத்தான் இல்லை.

எங்கள் பெட்டி எல்.சி.டி. வகை. எல்.சி.டி. என்பது தானாக ஒளிராத திரை. உயர்தர வகுப்பில், ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தகடுகளான முனைவாக்கிகள் இரண்டைக் குறுக்காக வைத்து ஒளியை மறித்துப் பார்த்தோமே, அதே வித்தைதான். இரண்டு முனைவாக்கிகளுக்கும் நடுவே திரவப் பளிங்கு இருக்கிறது. அதற்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து, பின்னாலிருந்து வரும் ஒளியில் எவ்வளவு வெளியே போகலாம் என்று ஒவ்வொரு புள்ளியிலும் தீர்மானிக்கிறார்கள். இந்தப் பொருளை 1888இல் முதலில் கவனித்த ரைனிட்சர் ஒரு தாவரவியலாளர் என்பதும், அவர் ஆராய்ந்துகொண்டிருந்தது கரட்டிலிருந்து எடுத்த கொலஸ்ரரோல் என்பதும் நான் வகுப்பில் சொல்லத் தவறாத கதை. கடைகளில் எல்.ஈ.டி. ரிவி என்று விற்பதும் எல்.சி.டி.தான், முன்பு பின்விளக்காக இருந்த மெல்லிய புளோரசன்ற் குழாய்களின் இடத்தில் இப்போது எல்.ஈ.டி.க்கள் இருக்கின்றன, அவ்வளவே. அவற்றைத் தொடராக இணைத்திருப்பதால், கோயில் சோடனை விளக்குச் சரத்தைப் போல, ஒன்று பழுதானால் வரிசை முழுவதும் அணைந்துவிடுகிறது. ஸ்ரான்லி வீதியில் ஒரு பெடியன் விளக்குப் பட்டிகளை மாற்றித் தந்தான், மறுநாளே பெட்டி உயிர்பெற்றது.

இந்தத் திரையின் குறை, அதன் கதவு இறுகச் சாத்தாது என்பதே. கறுப்பு வரவேண்டிய இடத்திலும் பின்விளக்கு எரிந்துகொண்டிருப்பதால் ஒளி கொஞ்சம் கசிகிறது. இராக்காட்சி சாம்பல் நிறமாகத் தெரிகிறது. எல்.சி.டி.யிலேயே ஐ.பி.எஸ். என்ற வகைத் திரையில் மிகப் பிரகாசமான வெள்ளை அதன் கறுப்பைவிட ஏறத்தாழ 1,000 மடங்கு ஒளிர்கிறதென்றால், வி.ஏ. என்ற இன்னொரு வகையில் அது 3,000 மடங்கையும் தாண்டும். ஆனால் வி.ஏ. திரையைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் வெளிறிவிடும். எங்கள் ஹோலில் கதிரைகள் மூன்று சுவரோரமும் கிடக்கின்றன, நேர் எதிரே இருக்கும் ஒரே கதிரையும் என்னுடையதல்ல!

தொண்ணூறுகளில், மின்சாரம் இல்லாத குடாநாட்டில், மண்ணெண்ணெயில் ஓடிய ஜெனரேற்றரின் இரைச்சலுக்கு நடுவே அயல் முழுவதும் கூடியிருந்து சின்னக் குழாய்ப் பெட்டியில் படம் பார்த்தோமே, அந்தத் திரையின் கறுப்பு உனக்கு நினைவிருக்கிறதா? சுற்றிலும் இருட்டு என்பதால் மட்டுமல்ல, இலத்திரன் கற்றை படாத இடத்தில் அங்கே ஒளியே பிறப்பதில்லை என்பதாலும் அது அவ்வளவு ஆழமாக இருந்தது. பிளாஸ்மா திரையும் அந்த இனம்தான். 1964இல் இலினோய் பல்கலைக்கழகத்தில் பிறந்த அந்த முறையில், கண்ணாடிகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய அறைகளில் வாயு மின்னேற்றம் பெற்றுப் புறஊதாக் கதிரை உமிழ, அது பொசுபர் என்ற ஒளிரும் பூச்சைத் தாக்கி நிறம் தருகிறது. படம் அருமை, ஆனால் 42 அங்குலத் திரை வெளிச்சமான காட்சியில் 200 வாற்றுக்கு மேல் குடித்து அறையையும் சூடாக்கும். பனசொனிக் 2013உடன் அதன் உற்பத்தியை நிறுத்தியது, மற்றவர்களும் விரைவில் விலகினார்கள்.

பிளாஸ்மா விட்ட இடத்துக்குத்தான் ஓ.எல்.ஈ.டி. வந்திருக்கிறது. 1987இல் கொடாக் ஆய்வுகூடத்தில் ராங், வான் ஸ்லைக் இருவரும் அறிவித்த சேதனப் (கரிமப்) படலம் இன்று ஒவ்வொரு புள்ளியிலும் தானே ஒளிர்கிறது; வேண்டாத இடத்தில் முற்றாக அணைகிறது. பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் நிறம் மாறாது, வேகமான காட்சியிலும் புள்ளி பின்தங்காது. நீ யன்னலில்லாத அறையில் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் படம் பார்ப்பவனாதலால், தயங்காமல் இதையே வாங்கு. ஒரே ஒரு நிபந்தனை: செய்தி அலைவரிசையை நாள் முழுவதும் ஓடவிடாதே. சேதனப் பொருள் பாவிக்கப் பாவிக்கத் தேய்வது; அசையாத சின்னமும் அடியில் ஓடும் செய்திப் பட்டியும் எப்போதும் ஒரே இடத்தில் எரிந்தால் அங்குள்ள புள்ளிகள் மற்றவற்றுக்கு முன்பே களைத்து நிழல் பதித்துவிடும்.

என் வீட்டில் அந்த நிபந்தனை செல்லாது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் காலையும் மாலையும் நேரடி ஒளிபரப்பு ஓடும். அலைவரிசையின் சின்னம் அதே மூலையில் நிற்கும். பகலில் துடுப்பாட்டம் ஓடும்போது முற்றத்து வெயில் மணலில் பட்டு ஹோலுக்குள் தெறிக்கிறது. அந்த வெளிச்சத்தில் எந்தக் கறுப்பும் சாம்பலாகிவிடும், வெல்லத் தேவைப்படுவது பிரகாசமே. அதனால் எனக்கு ஏற்றது மினி எல்.ஈ.டி.: எல்.சி.டி.யின் பின்னால் ஆயிரக்கணக்கான சிறு விளக்குகளை வலயங்களாகப் பிரித்து, இருண்ட பகுதியின் பின்னுள்ளவற்றை மட்டும் தணிக்கிறார்கள். இருண்ட வானில் நிலவைக் காட்டும்போது சுற்றிலும் ஒரு மங்கல் வட்டம் தெரியும், அதை நான் பொறுத்துக்கொள்வேன். கியூ.எல்.ஈ.டி. என்றால் குவாண்டம் புள்ளிகள் என்ற நுண்துகள்களால் நிறத்தைத் தூய்மையாக்கிய எல்.சி.டி.; அந்தப் புள்ளிகளுக்காக 2023இல் வேதியியல் நோபல் பரிசு கொடுத்தார்கள் என்பதற்காக அதை ஓ.எல்.ஈ.டி.யின் தம்பி என்று எண்ணிவிடாதே.

4கே என்ற, புள்ளிகள் மிக நெருக்கமான திரை பற்றிக் கடைக்காரர் சொல்வதையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 55 அங்குலத் திரையில் 4கே படத்தின் ஒரு புள்ளி 0.32 மில்லிமீற்றர் அகலம், அதற்கு முந்திய முழு எச்.டி. திரையில் அதன் இரட்டிப்பு. நல்ல கண் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கைப் பிரித்தறியும் என்று கொண்டால், 7 அடிக்கு அப்பால் இருப்பவருக்கு எச்.டி.யிலேயே புள்ளி தெரியாது. எங்கள் கதிரைகள் 10 அடியில் இருக்கின்றன. சென்ற மாதம் எனக்குக் கண்புரைச் சத்திரசிகிச்சை நடந்தது. மஞ்சள் படிந்த வில்லையை எடுத்த மறுநாள் பழைய பெட்டியிலேயே கடல் இவ்வளவு நீலமா என்று வியந்தேன். திரைக்குச் செலவழிக்கும் முன் கண்ணைச் சோதித்துக்கொள்வது மலிவு என்று உன் மகனிடம் சொல், உனக்கும் வயது எழுபதாகிறது.

பணம் இப்போது வேண்டாம். மாற்றிய விளக்குப் பட்டிகள் மாரி மின்னலைத் தாங்குகின்றனவா என்று தை வரை பார்த்துவிட்டு எழுதுகிறேன். நீ உன் கதிரையிலிருந்து சுவர் வரையுள்ள தூரத்தை அளந்து அனுப்பு. எத்தனை அங்குலம் போதும் என்று கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்