ஒரு மூட்டை மோட்டார்

அன்பு மாப்பிள்ளை,

எட்டு மாதமாகக் கடிதம் போடவில்லை. திட்டி முடித்துவிட்டு மேலே படி. வீட்டில் எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலிதான்.

உக்கடத்தில் ஒரு மூட்டை சின்ன மோட்டாரை எடைக்கு வாங்கிவிட்டேன். பாதிக்கு மேல் லேபிளே இல்லை. நம் வைண்டிங் வாத்தியார் சொன்னபடி முதலில் ஒயரை எண்ணினேன். இரண்டு ஒயர், விரலால் திருப்பினால் விக்கி விக்கிச் சுற்றுகிறது, மீட்டரில் டி.சி. காட்டுகிறது என்றால் பிரஷ் மோட்டார். மூன்று ஒயர், எந்த இரண்டில் மீட்டரை வைத்தாலும் ஒரே அளவு ஓம் காட்டினால் பிரஷ் இல்லாதது. நான்கு முதல் ஆறு என்றால் பெரும்பாலும் ஸ்டெப்பர், அடி அடியாக நகரும் ரகம். ஒரே சுருளின் இரு முனைகளைச் சேர்த்து முறுக்கினால் அச்சு இறுகிவிடுகிறது.

வோல்டேஜ்தான் உயிரை வாங்கியது. பொம்மை கார் மோட்டாருக்கு 3 போதும், பிரின்டரில் இருந்து வந்தது 24கூடக் கேட்கும். ஊர் பேர் தெரியாததை 1.5 வோல்ட்டில் தொடங்கி மெல்ல ஏற்றுகிறேன். சுமையில்லாமல் ஓடும்போதே சுட்டால் நிறுத்திவிடுவேன். ஒன்று மட்டும் எவ்வளவு ஏற்றியும் வேகம் கூடவே இல்லை. அரை மணி நேரம் விழித்தபின்தான் உறைத்தது, டேப் ரிக்கார்டர் மோட்டார்! உள்ளேயே வேகத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட் இருக்கிறது. விடுதியில் நீ பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுத்துச் சாகடித்தாயே, அதே ஜாதி.

மைக்ரோவேவ் தட்டைச் சுற்றும் மோட்டாரும் இரண்டு இருந்தன. பார்க்க இரட்டைப் பிள்ளைகள்; ஒன்றில் 21 வோல்ட், மற்றதில் 230 என்று போட்டிருக்கிறது. இதைப் பையனிடம் காட்டியதுதான் என் தப்பு. மறுநாள் காலை எங்கள் வீட்டு மைக்ரோவேவ் அடுப்பு நின்றுபோனது. மதியம் வந்து பார்த்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றிக்கொண்டிருக்கிறான். பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே இருக்கும் கெபாசிட்டர் ஆயிரக்கணக்கான வோல்ட்டைப் பிடித்துவைத்திருக்கலாம், மாப்பிள்ளை. ஆளையே கொன்றுவிடும். பயத்தில் அடித்துவிட்டேன். இதுவரை அவன்மேல் கை வைத்ததில்லை. மூன்று நாளாக என்னிடம் பேசவில்லை, மூட்டைப் பக்கமும் வரவில்லை. அந்த ஆசையை மூட்டிவிட்டதும் நான்தானே.

நீ சொன்னால் கேட்பான். பொங்கலுக்குக் கட்டாயம் வா. வரும்போது என் முள் மீட்டரையும் எடுத்து வா. உன்னுடையது என்ற பழைய கதையெல்லாம் வேண்டாம். பின்மூடியைத் திருப்பிப் பார், என் இனிஷியல் இருக்கும்.

உன்,
மூன்றாம் மேசைக்காரன்