நொய்யல் கரையில் எங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர்களுக்கு

ஊர்ப் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

மரக்கன்று நட்டு, படம் எடுத்துக்கொண்டு கலைகிற விழாக்களில் எனக்கு நம்பிக்கை போய்ப் பல காலம் ஆகிறது. அதனால் எங்கள் பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றத்துப் பிள்ளைகள் இந்த ஆண்டு ஊருக்குள் இறங்கிப் படித்தார்கள். சொல்லிக்கொடுத்தவர்கள் நீங்கள்.

கிணறுகளைத் திறந்துவிட்ட தோட்டக்காரர்களுக்கு முதல் நன்றி. குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். ஆற்றோரக் கிணற்று நீரில் மீட்டரை நனைத்ததும் எண் 2,000-ஐத் தாண்டி ஓடியது. கருவி பழுது என்று முடிவு கட்டி, ஒரு மாணவன் அதை உதறி உதறிப் பார்த்தான்.

ஒரத்துப்பாளையம் அணைக்குக் கூட்டிச் சென்ற பெரியவரை மறக்க முடியாது. பாசனத்துக்கென்று 1992-இல் கட்டிய அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து தேங்கிய கதையை வெயிலில் நின்றே சொன்னார். "அணை கட்டியபோது பொங்கல் வைத்தோம், கண்ணு. பிறகு தண்ணீரே வேண்டாம் என்று கோர்ட்டுக்குப் போனோம்" என்றார்.

அவருக்கு இணையாக, தன் சாயப்பட்டறைச் சுத்திகரிப்பு நிலையத்தைத் திறந்துகாட்டிய உரிமையாளருக்கும் நன்றி. எங்கள் பிள்ளைகளில் பலர் வீட்டில் பனியன் கம்பெனிச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. ஆறா, வேலையா என்று அவர்களிடம் பட்டிமன்றம் நடத்த நான் விரும்பவில்லை. கழிவுநீரை வெளியே விடாத ஏற்பாடு இல்லாத பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதிலிருந்து உரிமையாளர் தன் கதையைத் தொடங்கினார். சவ்வு வழியே நீர் பிரிவதையும், எஞ்சிய கரைசலைக் காய்ச்சி உப்பெடுத்து மறுபடி சாயமேற்றப் பயன்படுத்துவதையும் காட்டினார். "எதற்கும் உதவாத உப்பை என்ன செய்வீர்கள்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அடுக்கியிருந்த மூட்டைகளைக் காட்டி, "இதற்கு இன்னும் வழி பிறக்கவில்லை, அம்மணி" என்றார். மழுப்பாத அந்தப் பதிலுக்குத் தனியாக ஒரு கும்பிடு.

கொறங்காட்டில், அதாவது உயிர்வேலி கட்டிய மேய்ச்சல் நிலத்தில், கிளுவைக் குச்சியை நட்டு வேலி வளர்க்கக் கற்றுக்கொடுத்த அம்மாவுக்கும் நன்றி. உள்ளே கொழுக்கட்டைப் புல், மேலே வெள்வேல மரம், உதிர்கிற காய் மாட்டுக்கு. காங்கேயம் காளையைக் காளையாக்குவது அந்த மேய்ச்சல்தான் என்பது அவர் கட்சி.

தூய்மைக் காவலர் அக்காக்கள் எங்கள் பள்ளிக் குப்பை மூட்டையையே பிரித்துக் கொட்டினார்கள். சிப்ஸ் உறைகளைப் பார்த்த பிறகு வகுப்பில் பேச்சே எழவில்லை. வண்டி கொடுத்த ஊராட்சிக்கும், அனுமதி கொடுத்த தலைமையாசிரியைக்கும், நனைந்த சீருடைகளைப் பொறுத்துக்கொண்ட பெற்றோருக்கும் வணக்கம்.

கார்த்திகை மழை நின்றதும் அதே கிணறுகளை அளக்க மறுபடியும் வருகிறோம். அன்று மட்டும் நாய்களைக் கட்டிவைக்குமாறு தோட்டக்காரர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
சுற்றுச்சூழல் மன்றப் பொறுப்பாசிரியர்