பணம் வாங்குறதுக்கு பின் நம்பர் எதுக்குங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் தஞ்சாவூர் பக்கம் செல்போன் சர்வீஸ் கடை வச்சிருக்கேன், டிஸ்ப்ளே மாத்த சார்ஜிங் போர்டு மாத்த வர்றவங்களோட சேர்ந்து இப்பல்லாம் "அண்ணே அக்கவுண்ட்ல காசு போயிடுச்சு கொஞ்சம் பாருங்க"ன்னு போனை நீட்டுறவங்களும் வர்றாங்க. அதுல நிறைய பேர் பழைய பொருளை ஆன்லைன்ல விக்கப் போய் மாட்டினவங்கதான், வாங்கப் போனவங்க கூட இல்ல. பொருளைக் குடுத்துட்டு காசு வாங்க வேண்டியவங்க கையில இருக்குற காசையும் விட்டுட்டு நிக்கிறாங்க, அதான் இந்த லெட்டர்.

எங்க தெருவுல தையல் தைக்கிற அக்கா ஒருத்தங்க பழைய மெஷினை 4,500 ரூபாய்க்கு போட்டோ போட்டாங்க. உடனே ஒருத்தன் போன் பண்ணி நான் மிலிட்டரியில இருக்கேன், இப்ப வெளியூர்ல டியூட்டி, பொருளை ஆள் வந்து எடுத்துக்குவாங்க, காசை இப்பவே போட்டுடறேன்னு சொல்லியிருக்கான். வெலையே பேசல. யூனிபார்ம் போட்டோ, அடையாள அட்டை போட்டோ எல்லாம் வாட்ஸ்அப்ல வந்திருச்சு. அப்புறம் "இது ஆர்மி அக்கவுண்ட், மொதல்ல நீங்க ஒரு ரூபாய் அனுப்புங்க, ரெண்டு ரூபாயா திரும்பி வரும்"னு சொல்லி அதே மாதிரி ரெண்டு ரூபாய் அனுப்பியும் விட்டான். அந்த ரெண்டு ரூபாயிலதான் நம்பிக்கை வந்திருச்சு. அடுத்து ஒரு க்யூஆர் கோடு, "இதை ஸ்கேன் பண்ணி பின் போட்டா 4,500 உங்களுக்கு ஏறிடும்"னான். போட்டாங்க, காசு போச்சு. தப்பா போயிடுச்சு, திருப்பித் தர்றேன் இன்னொரு தடவை பண்ணுங்கன்னு சொல்ல, மறுபடியும் 4,500. நிஜமா ராணுவத்துல இருக்கிறவங்க மேல நம்ம ஜனங்களுக்கு இருக்கிற மரியாதையையே தூண்டிலாப் போடுறானுங்க, எனக்கு அதுதான் ரொம்ப ஆத்திரமா இருக்கு.

படிக்காதவங்கதான் ஏமாறுறாங்கன்னு சொல்றத நான் ஒத்துக்க மாட்டேன். காலேஜ் பசங்களும் வாத்தியாரும் வந்து நின்னிருக்காங்க. டீக்கடையில இருந்து மளிகைக் கடை வரைக்கும் தெனமும் ஸ்கேன் பண்ணி பின் போட்டு கை பழகிப் போச்சு, அவன் வேற போனை வைக்க விடாம பேசிக்கிட்டே இருப்பான், யோசிக்க நேரமே கிடையாது.

விஷயம் இவ்வளவுதான். யுபிஐல பின் நம்பர் கேக்குறது நம்ம காசை வெளிய அனுப்ப, இல்லன்னா பேலன்ஸ் பாக்க. நமக்கு காசு வர்றதுக்கு பின்னும் வேண்டாம் ஸ்கேனும் வேண்டாம், நம்ம போன் நம்பரோ யுபிஐ ஐடியோ குடுத்தாப் போதும். க்யூஆர் கோடுக்குள்ள இருக்குறது காசு யாருக்குப் போகணும்ங்கிற முகவரி, சில சமயம் எவ்வளவுங்கிற தொகையும் இருக்கும், அதனால எவன் ஸ்கேன் பண்றானோ அவன்தான் குடுக்குறவன். யுபிஐ லைட் வச்சிருந்தா சின்ன தொகைக்கு பின்னே கேக்காம போயிடும், அதனால விக்கிறவங்க ஸ்கேன் பண்ற வேலையே வச்சுக்காதீங்க. முன்னாடி காசு கேட்டு ரிக்வெஸ்ட் அனுப்பி, அதுக்கு நம்மளை பின் போட வச்சு புடுங்குறது ஒண்ணு இருந்துச்சு, தனி ஆளுக்கு தனி ஆள் அப்படி ரிக்வெஸ்ட் அனுப்புறத 2025 அக்டோபர் 1ல இருந்து யுபிஐயை நடத்துற என்பிசிஐ நிறுத்தச் சொல்லிட்டாங்க, நல்ல முடிவு. ஆனா க்யூஆர் வழி இன்னும் தொறந்துதான் கிடக்கு.

நேர்ல வந்து ஏமாத்துறவனும் இருக்கான். பேமெண்ட் ஆன மாதிரியே பச்சை டிக் காட்டுற போலி ஆப் இருக்கு, அதை காட்டிட்டு பொருளைத் தூக்கிட்டுப் போயிடுவான். பணம் வரவு ஆச்சுன்னு மெசேஜும் வரும், அது பத்து இலக்க சாதாரண நம்பர்ல இருந்து வந்தா பேங்க் அனுப்பினது இல்ல. அவன் போனைப் பாக்காதீங்க, ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீங்க, உங்க அக்கவுண்ட்டைத் தொறந்து பாத்துட்டு பொருளைக் குடுங்க. இன்னொண்ணு, வாங்க வந்தவர் ஒருத்தர் காசு வர்றது சம்பந்தமே இல்லாத வேற பேர்லன்னா ஏன்னு கேளுங்க. எங்கேயோ திருடின காசு உங்க அக்கவுண்ட்டுக்குள்ள வந்துட்டா அப்புறம் உங்க அக்கவுண்ட்டையே முடக்கி வச்சிருவாங்க, அதை விடுவிக்க அலையுற அலைச்சல் கொஞ்சநஞ்சம் இல்ல. அதனால பேசின சாட்டை ஆதாரத்துக்கு அழிக்காம வச்சிருங்க.

வாங்குறவங்களுக்கு நான் சொல்றது பொருளைப் பாக்காம அட்வான்ஸ் அனுப்பாதீங்க, கூரியர் சார்ஜ், கேட் பாஸ்னு என்ன பேர் சொன்னாலும் சரி. செகண்ட் ஹேண்ட் போன்னா ஸ்டார் ஹேஷ் ஜீரோ சிக்ஸ் ஹேஷ் அடிச்சு ஒவ்வொரு போனுக்கும் தனியா இருக்குற ஐஎம்இஐ நம்பரை எடுத்து மத்திய அரசோட சஞ்சார் சாத்தி வெப்சைட்ல போட்டுப் பாருங்க, திருட்டுப் போன்னு பிளாக் ஆகியிருந்தா காட்டிடும். வண்டின்னா ஆர்சியில பேங்க் லோன் இருக்கான்னு பாருங்க, பேர் மாத்துறதுக்கான பார்ம் 29, 30ல கையெழுத்து வாங்காம முழுப் பணம் குடுக்காதீங்க.

காசு போயிட்டா என்ன பண்ணணும்ங்கிறதுதான் பாதிப் பேருக்குத் தெரியல. அவன்கிட்டயே கெஞ்சிக்கிட்டு இருப்பாங்க, இல்ல நாளைக்கு பேங்க்ல போய்க் கேட்டுக்கலாம்னு படுத்துருவாங்க. அந்த நிமிஷமே சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930க்கு போன் பண்ணணும், டிரான்சாக்ஷன்ல இருக்குற 12 இலக்க நம்பரை சொல்லணும், அவன் காசை அடுத்த அக்கவுண்ட்டுக்கு மாத்தி ஏடிஎம்ல எடுக்குறதுக்குள்ள சொன்னாதான் நிறுத்தி வைக்க வழி உண்டு. பேங்க்குக்கும் உடனே சொல்லிடணும், ஏன்னா 2017 ஜூலைல ரிசர்வ் பேங்க் கொண்டு வந்த விதிப்படி நம்ம கவனக்குறைவால போன காசு, புகார் சொல்ற வரைக்கும் நம்ம தலையிலதான், சொன்னதுக்கு அப்புறமும் போனாதான் பேங்க் பொறுப்பு.

ஆசிரியர்கிட்ட ஒரு வேண்டுகோள். உங்க பேப்பர்ல வரி விளம்பரம் வருதே, பழைய பைக், பிரிட்ஜ், கட்டில் விக்கிறவங்க நம்பர் போடுற பக்கம், அதைப் பாத்தும் இந்தக் கும்பல் போன் பண்ணுது. அந்தப் பக்கத்துல தெனமும் ஒரு சின்னப் பெட்டி கட்டி, பணம் வாங்க ஸ்கேனும் பின் நம்பரும் தேவையில்ல, பணம் போயிட்டா உடனே 1930ன்னு பெரிய எழுத்துல போடுங்க. என் கடைக் கண்ணாடியில நான் எழுதி ஒட்டியிருக்கேன், ஆனா அது எங்க தெருவுக்குத்தான் தெரியும்.

இப்படிக்கு,
செல்போன் சர்வீஸ் கடைக்காரர்,
தஞ்சாவூர் மாவட்டம்.